காலிக் கட்டிலின் மூச்சு

போன வாரம் ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். கூட வந்தவர் தலைநகரத்துக் கண்காணிப்பு அதிகாரி. குணமாகாத நோயாளிகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எங்கள் சுகாதாரக் குழு ஒரு கம்பெனிக்குக் குத்தகை விட்டிருக்கிறது. அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வந்தார். வழிகாட்டி நான் — அந்தக் குழுவின் விதிகளோடே தலை நரைத்து ஓய்வு பெற்றவன்.

மதியமே பனி இறங்கிவிட்டது. நாங்கள் பார்க்க வந்த நோயாளியின் வீடு தொழிலாளர் லயத்தில்; கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மூச்சுச் சத்தம். புஸ்... டக். புஸ்... டக்.

"தூங்குறார் போல" என்று கிசுகிசுத்த அதிகாரி, வாசலிலேயே 'நோயாளி நிம்மதியாக இருக்கிறார்' என்று டேப்லெட்டில் தட்டினார்.

எட்டிப் பார்த்தோம். கட்டிலில் மடிப்புக் கலையாத கம்பளி. தலையணை மேல் ஆக்சிஜன் குழாய். ஆள் இல்லை. மூச்சு விட்டுக்கொண்டிருந்தது மெஷின்!

"அவரு போன மாசமே போயிட்டாரு லா."

இருவரும் துள்ளித் திரும்பினோம். நோயாளி முனியாண்டியின் மனைவி லெட்சுமி, கொழுந்துக் கூடையோடு நின்றாள்.

"அப்புறம் ஏம்மா இது ஓடுது?" என்று கேட்டேன்.

"நர்ஸ் வந்து பார்த்துத்தான் நிறுத்தணும், சுவிட்ச தொடாதேன்னான் கம்பெனிக்காரன். அவரு செத்ததையும் போன்ல சொன்னேன் சார். நர்ஸ் வருவாங்கன்னான். இன்னும் வந்துக்கிட்டே இருக்காங்க!"

எனக்குப் புரிந்தது. மெஷின் ஓடினால் கம்பெனியின் திரையில் பச்சை விளக்கு. பச்சை விளக்கு எரிந்தால் நோயாளி உயிரோடு இருக்கிறார். கம்பெனியை எங்கள் குழு நம்புகிறது. குழுவைத் தலைநகரம் நம்புகிறது. கட்டிலைப் பார்த்தவர் யார்?

பலகைச் சுவருக்கு அப்பால் இருமல். பக்கத்து வீட்டுச் சவரிமுத்து. நுரையீரலில் புற்று. டாக்டர் எப்போதோ சீட்டு எழுதிவிட்டார்; கம்பெனியில் மெஷின் 'ஸ்டாக் இல்லை'.

"லெட்சுமி..." சுவர் வழியே திணறித் திணறி வந்தது குரல். "உன் வீட்டுக்காரன்... செத்தும்... நல்லா மூச்சு வாங்குறான்... எனக்குக் கொஞ்சம்... அனுப்பச் சொல்லேன்."

நான் மெஷின் பக்கம் போனதும் அதிகாரி பதறினார். "இடம் மாத்த அனுமதி வேணுமே, சார்?"

"டாக்டர் சீட்டு இருந்தா மொதல்ல மாத்தலாம், அப்புறம் எழுதலாம். விதி இருக்கு. யாரும் படிக்கிறதில்ல."

பிளக்கைப் பிடுங்கினேன். அந்த அமைதி... லெட்சுமி கட்டிலையே பார்த்தாள்.

"இப்பதான் போறாரு" என்றாள்.

தூக்கிக்கொண்டு போய், புதுக் குழாய் மாட்டி, சீட்டில் இருந்த அளவில் சவரிமுத்துவுக்கு வைத்தோம். மறுபடி புஸ்... டக்.

உடனே லெட்சுமியின் போன் அடித்தது. கம்பெனி! ஆளின் மூச்சு நின்றபோது வராத அக்கறை, மெஷினின் மூச்சு நின்றதும் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, மெஷின் கொஞ்ச நேரம் நின்னுருச்சே... முனியாண்டி ஐயா எப்படி இருக்காரு?"

சவரிமுத்துவின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே லெட்சுமி சொன்னாள்:

"நல்லா இருக்காரு லா. பக்கத்து வீட்டுக்குப் போயிருக்காரு."