களவெடுத்த கொப்புகளும் ஆறு ஆங்கிலத் தோட்டங்களும்

திங்கட்கிழமை விடிய ஐந்து மணிக்கு இத்தாலியின் பலேர்மோவில் வீட்டை விட்டு இறங்கும்போதே எனக்குக் களைப்பாக இருந்தது. முதல் நாள் முழுவதும் சிஞ்ஞோராவின் தொப்பிகளைப் பெட்டியில் அடுக்கிய களைப்பு. ஒரு கிழமைப் பயணத்துக்கு ஐந்து தொப்பி. எனக்கு ஒரு கைப்பை, மூன்று சட்டை, ஒரு செபமாலை.

நான் மன்னார் பேசாலையைச் சேர்ந்தவள். பலேர்மோவில் ஏழாம் மாடியில் தனியே வாழும் எழுபத்தொன்பது வயது விதவை ஒருவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவரைத்தான் இத்தாலிய வழக்கப்படி சிஞ்ஞோரா, அதாவது அம்மா, என்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், பூந்தோட்டப் பித்துப் பிடித்த பலேர்மோச் சீமாட்டிகள் ஒன்பது பேர் சேர்ந்து இங்கிலாந்தின் தோட்டங்களைப் பார்க்க ஒரு சொகுசுச் சுற்றுலா ஒழுங்கு செய்தார்கள். தலைக்கு நாற்பது இலட்சம் லீரா. அவர்களில் ஒருவரான சிஞ்ஞோராவுக்கு முழங்கால் மடங்காது, சில்லுக்கதிரையைத் தள்ள ஆள் வேண்டும். அப்படித்தான் எனக்கும் சீமாட்டி யோகம் அடித்தது.

பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் என்னோடு அறை எடுத்திருக்கும் பெண்களுக்கு ஒரே பகிடி. "லண்டனுக்குப் போறவள் திரும்பி வருவாளே?" என்று கேட்டார்கள். திரும்பித்தான் வர வேண்டும். எனக்கு அந்தப் பயணத்தில் முக்கியமானது தோட்டமே அல்ல, திரும்பி வந்த மறுநாள் திங்கட்கிழமைதான். அன்று காலை பத்து மணிக்கு, வெளிநாட்டவரின் பத்திரங்களைப் பார்க்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவுக்கு சிஞ்ஞோரா என்னோடு வந்து கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் என் கணவர் அன்ரனை இத்தாலிக்குக் கூப்பிடலாம். ஐந்து வருடமாக அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் காத்துக்கிடந்தார். எனக்குத் தேவையாக இருந்தவை இரண்டு. சிஞ்ஞோராவின் மனம் கோணக்கூடாது, பொலிசில் என் பெயருக்கு ஒரு கீறலும் விழக்கூடாது.

பலேர்மோவிலிருந்து ரோம், ரோமிலிருந்து லண்டன். அங்கிருந்து பேருந்தில் கென்ட் மாவட்டம். மாலை ஏழு மணிக்கு விடுதியில் இறங்கியபோது வெயில் இன்னும் எறித்துக்கொண்டிருந்தது. விடுதி ஒரு பழைய பிரபுவின் மாளிகை. குளியலறை மட்டும் எங்கள் பல்லரோ அறையின் அளவு. இரவுச் சாப்பாட்டுக்கு அவித்த மீன், அவித்த உருளைக்கிழங்கு, அவித்த பட்டாணி. சிஞ்ஞோரா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் பேசுவது இத்தாலியம், நான் நம் பேச்சிலேயே தருகிறேன். எங்களூர்ப் பெரியம்மாக்களைப் போலத்தான் அவரும் கதைப்பார்.

"இஞ்சை ஆருக்கோ வருத்தம் போல கிடக்கு. எல்லாம் பத்தியச் சாப்பாடு" என்றார்.

செவ்வாய் காலை பத்து மணிக்கு முதல் தோட்டம். ஆங்கிலத் தோட்டங்களைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் ரோசாவைப் பற்றி எழுதுவார்கள். கதிரை தள்ளிய நான் சரளைக்கல்லைப் பற்றித்தான் எழுத முடியும். அந்த நாட்டில் பாதை என்றால் சரளைக்கல். சில்லு புதையும், தள்ளினால் கதிரை நகராது, நகர்ந்தால் நேரே போகாது. முதல் அரை மணித்தியாலத்திலேயே இடுப்பு விட்டுப் போயிற்று. நிமிர்ந்து பார்த்தபோதுதான் அழகு தெரிந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஒரு சதுரத்தில் வெள்ளைப் பூக்கள் மட்டும். வெள்ளை ரோசா, வெள்ளை அல்லி, சாம்பல் நிற இலைகள். பூசைக்கு முன் சோடித்து வைத்த பீடத்தைப் பார்த்தது போல இருந்தது. சத்தம் போட மனம் வரவில்லை.

வாசலில் இருந்த கடையில் ஒரு சின்னச் செடி மூன்று பவுண். சிஞ்ஞோரா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பலேர்மோவில் இது பிழைக்குமா என்று கேட்டார். அப்போதுதான் என் வாய் சும்மா இருக்காமல் போனது.

"காசு குடுத்து வாங்கினது என்ன, கேட்டு வாங்கினதே பட்டுப்போகும் சிஞ்ஞோரா. எங்கட ஊரில செடியைக் களவெடுத்து நட்டாத்தான் தழைக்கும் எண்டு சொல்லுவினம்."

பகிடியாகத்தான் சொன்னேன். சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. செடியைத் திரும்பத் தட்டில் வைத்தார். "என்னைத் திருப்பிக் கொண்டுபோ" என்றார். வெள்ளைப் பூக்களின் அருகே கதிரையை நிறுத்தச் சொன்னார். தொப்பியைச் சரிசெய்வது போல ஒரு கை மேலே போனது, மற்றக் கை கைப்பைக்குள் போனது. நகம் வெட்டும் கத்தரிக்கோலால் ஒரே நறுக்கு. ரோசாக் கொப்பு ஒன்று அவர் மடியில் விழுந்தது, அடுத்த நொடி கதிரை மெத்தைக்குக் கீழே போனது. பக்கத்தில் இரண்டு சீமாட்டிகள் நின்று இலத்தீன் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"சிஞ்ஞோரா, என்ன செய்யிறியள்?"

"தழைக்கும் எண்டு நீதானே சொன்னனி. தள்ளு."

புதன்கிழமை சசெக்ஸ். காலையில் ஒரு தோட்டம், மத்தியானம் ஒன்று. நடுவில் வெள்ளரிக்காய்த் துண்டைப் பாணுக்குள் வைத்து ஒரு சாப்பாடு. சிஞ்ஞோரா காலையில் இரண்டு கொப்பு, மத்தியானம் நான்கு. மனிசி வெட்ட வெட்ட மெத்தை உயர்ந்துகொண்டே போனது. பிடிபட்டால் யார் மேல் பழி விழும் என்று நான் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. வெள்ளைக்காரச் சீமாட்டியும் கறுத்த வேலைக்காரியும் நிற்கும் இடத்தில் ஒரு களவு நடந்தால், பார்ப்பவர்களின் கண் எங்கே போகும் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும்.

பின்னேரம் பேருந்துக்குப் பெற்றோல் அடிக்க ஓரிடத்தில் நிறுத்தினார்கள். தண்ணீர் வாங்க உள்ளே போனேன். காசு வாங்கும் இடத்தில் நம் ஆள் ஒருவர், அரைவாசித் தலை நரைத்தவர். என் முகத்தைப் பார்த்ததும் தமிழிலேயே தொடங்கினார்.

"தங்கச்சி எங்கையிருந்து வாறியள்?"

"பலேர்மோவில இருந்து அண்ணை."

"பஸ்ஸில திரும்பி ஏறப் போறியளே? ஆக்கள் இஞ்சை வர எவ்வளவு கஷ்டப்படுகினம். பேசாமல் நிண்டிடுங்கோ."

"அவரைக் கூப்பிடப் பத்திரம் போட்டிருக்கிறன் அண்ணை. வாற திங்கள் கையெழுத்து."

அவர் தண்ணீர்ப் போத்தலுக்குக் காசு வாங்கவில்லை. "அப்ப கவனமாப் போங்கோ" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பேருந்தில் ஏறியதும் சிஞ்ஞோராவிடம் கெஞ்சினேன். "போதும். பிடிச்சால் என்ர பத்திரம் போச்சு." அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ர அப்பாவுக்கு ஒரேத்தோ ஆத்துப் பக்கம் எலுமிச்சந் தோட்டம் இருந்தது. அதுக்குள்ள ரோசாவும் வைச்சிருந்தார். அவர் செத்தாப் பிறகு அண்ணன்மார் வித்துப்போட்டினம். இப்ப அங்கை எட்டு மாடி வீடுகள். என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை" என்றார். பிறகு, "எனக்கு இருக்கிறது ஒரு பல்கணி" என்றார்.

விடுதிக்கு வந்து, கொப்புகளைப் பல்விளக்கும் கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் விட்டு நிறுத்தினேன். தினமும் அறை மாற்றும் பயணம் அல்ல என்பதில் மாதாவுக்கு நன்றி. துப்புரவாக்க வந்த பெண் குவளைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இன்னும் இரண்டு குவளை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமைகளில் பலேர்மோவில் எனக்கு அரை நாள் லீவு. அந்த நேரத்தில் வேலைக்காரத் தமிழர் நாங்கள் கூடும் பூங்கா ஒன்று உண்டு, அதற்குப் பெயரே 'ஆங்கிலத் தோட்டம்'. அந்த வியாழன், உண்மையான ஆங்கிலத் தோட்டத்தில் மூன்றாம் நாளாகக் கதிரை தள்ளிக்கொண்டு அதை நினைத்தேன். அங்கே பனைமரமும் புழுதியும்தான். ஆனால் எங்கேயும் குந்தலாம். இங்கே புல்லைக்கூடத் தூரத்தில் நின்று பார்க்க வேண்டியிருந்தது. அன்றைக்கு சிஞ்ஞோரா லவெண்டரில் கை வைத்தார். பேருந்து முழுக்க மணந்தது. யாரோ நல்ல வாசனைத் திரவியம் பூசியிருப்பதாக ஒரு சீமாட்டி புகழ்ந்தார்.

வெள்ளி, மத்தியானம் மூன்று மணி. ஐந்தாவது தோட்டம். ஆளுயர மரவேலிகளுக்கு நடுவே ஒரு மூலையில் மஞ்சளுமில்லாத சிவப்புமில்லாத, செம்பு நிற ரோசா ஒன்று தனியே நின்றது. சிஞ்ஞோரா கையை நீட்டி வெட்டியதும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சேற்றுச் சப்பாத்துப் போட்ட ஒரு பெண் வெளியே வந்தார். அந்தத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரி. முகம் சிவந்திருந்தது. இந்த வகை எங்களிடம் ஒரேயொரு செடி என்றார். மெத்தையைத் தூக்கச் சொன்னார். கீழே அன்று வெட்டிய ஐந்து கொப்புகள் கிடந்தன.

சீமாட்டிகள் கூடிவிட்டார்கள். எட்டுத் தொப்பிகளும் என் பக்கம் திரும்பின. லண்டனில் வாழும் இத்தாலியப் பெண் ஒருத்தி எங்கள் வழிகாட்டி. அவள் ஓடிவந்து தோட்டக்காரியிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள். உதவிக்கு வந்த பெண், இலங்கைக்காரி, அவளுக்கு இங்கத்தைய முறை தெரியாது என்றாள். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்திருப்பாள் போலும். மன்னாரில் கன்னியாஸ்திரிகளிடம் பத்து வருடம் படித்தவள் நான். தோட்டக்காரி பொலிஸ் என்ற சொல்லைச் சொன்னார். நான் சிஞ்ஞோராவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டாஞ்சேனை லொட்ஜ் என் கண்ணுக்குள் வந்தது. பொலிசில் பெயர் பதிந்தாலும் அன்ரன் வர முடியாது, சிஞ்ஞோராவைப் பகைத்தாலும் வர முடியாது. முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும் என்ற நிலை. ஒரு சீமாட்டி பக்கத்தவளிடம், "பாவம், அவையளுக்குப் பழக்கம்" என்றார். அந்தச் சொல்தான் என்னைக் கிளப்பியது.

"நானில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "இந்த அம்மா வெட்டினவ." பிறகு எல்லாருக்கும் விளங்க இத்தாலியத்தில் சொன்னேன். "கத்தரிக்கோல் சிஞ்ஞோராவின்ர கைப்பைக்குள்ள கிடக்கு. பாருங்கோ."

சிஞ்ஞோரா மெதுவாகக் கைப்பையைத் திறந்தார், கத்தரிக்கோலை எடுத்துத் தோட்டக்காரியின் கையில் வைத்தார். தோட்டக்காரி அந்தச் சின்னக் கத்தரிக்கோலையும் கிழவியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய கோபம் இறங்கியது. ஐந்து கொப்புகளையும் பொறுக்கிக்கொண்டு, "கேட்டிருந்தால் தந்திருப்பேனே அம்மா" என்றார். நான்தான் அதையும் மொழிபெயர்த்தேன்.

சனிக்கிழமை ஆறாவது தோட்டம். சிஞ்ஞோரா பேருந்தை விட்டு இறங்கவில்லை. நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தோட்டத்தைப் பற்றி எனக்கு எழுத ஒன்றுமில்லை. காலையிலிருந்து அவர் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. செய்தது சரியென்று மனம் சொன்னது. பயம் வேறு சொன்னது. அன்ரனுக்கு என்னவென்று எழுதுவது என்று யோசித்தே அந்தப் பொழுது போனது. உண்மையைச் சொன்னேன், அதனால் நீங்கள் இன்னும் கொஞ்சக் காலம் லொட்ஜில் இருங்கள் என்றா?

ஞாயிறு காலை பெட்டி கட்டும்போது குவளைகளில் கொப்புகள் நின்றன. குப்பைக்கூடையில் போட எடுத்தேன். ஒரு ரோசாக் கொப்பில் கடுகளவு தளிர் விட்டிருந்தது. செடி என்ன பாவம் செய்தது? எல்லாவற்றையும் ஈரத் துவாயில் சுற்றி என் பைக்குள்ளேயே வைத்தேன். சிஞ்ஞோராவிடம் சொல்லவில்லை. லண்டனிலும் ரோமிலும் பையைச் சோதிக்கும் இடங்களில் செபமாலையை இறுக்கிப் பிடித்தபடி நடந்தேன். என்னைப் போல ஒரு விசரி இருப்பாளா என்று எனக்கே தோன்றியது. பலேர்மோவில் இறங்கியபோது சூடான காற்று முகத்தில் அடித்தது, கால் இரண்டும் வீங்கியிருந்தன.

திங்கள் காலை எட்டு மணிக்குக் கோப்பி கொண்டுபோனேன். சிஞ்ஞோரா உடுத்து, தொப்பியும் போட்டு, கட்டிலில் இருந்தார்.

"பலேர்மோ முழுக்க இண்டைக்கு என்னைப் பற்றித்தான் கதைக்கப் போகுது. என்னைக் கள்ளியாக்கிப்போட்டாய்" என்றார்.

கோப்பியை மேசையில் வைத்தேன். இனி இழக்க ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

"நீங்கள் கள்ளிதானே சிஞ்ஞோரா."

அவர் கோப்பியை எடுத்து ஒரு மிடறு குடித்தார். "ஓம்" என்றார். பிறகு, "அண்ணன்மார் விக்கேக்கையும் நான் வாய் திறக்கேல்லை. நீ திறந்தாய்" என்றார்.

நான் குளியலறைக்குப் போய், நனைத்து வைத்திருந்த துவாயைக் கொண்டுவந்து அவர் மடியில் விரித்தேன். அவர் ஒவ்வொரு கொப்பாக நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கறுத்தவற்றைக் கோப்பித் தட்டில் போட்டார். கடைசியில் மூன்று மிஞ்சின. வெள்ளை ரோசா ஒன்று, லவெண்டர் இரண்டு.

"கதிரையை எடு. முதல் குவெஸ்தூரா. வாற வழியில பூச்சட்டி வாங்குவம்."

குவெஸ்தூரா வாசல் வரிசையில் அவர் இரண்டு மணித்தியாலம் வெயிலில் காத்திருந்து கையெழுத்து வைத்தார். நான் வீட்டு லிஃப்டுக்குள் வந்துதான் அழுதேன்.

அன்ரன் தை மாதத்தில் வந்து சேர்ந்தார். அடுத்த வியாழன் பின்னேரம் அவரை எங்கள் ஆங்கிலத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். இங்கிலாந்தில் பார்த்தவற்றை நடந்து நடந்து சொன்னேன். மரவேலி, வெள்ளைப் பூ, சரளைக்கல். அவர் கேட்டுக்கொண்டே வந்தவர், கடதாசிப்பூச் செடி ஒன்றின் பக்கத்தில் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். டக்கென்று ஒரு கொப்பை முறித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"என்ன செய்யிறியள்?" என்றேன்.

"களவெடுத்தாத்தானே தழைக்கும். மறந்திட்டீரே?"

நானும் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

"சிஞ்ஞோராவுக்கும் ஒண்டு முறியுங்கோ" என்றேன்.