அப்பாவின் காலைப் பிடித்தபோது

அப்பா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கடைசிக் காலத்தில் நுரையீரல் கெட்டு, ஆஸ்டின் டவுனில் என் வீட்டில் படுத்துவிட்டார். உடம்பெல்லாம் வலி, தூக்கமே இல்லை.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸம்மா ஒருநாள் சொன்னார்: "எண்ணெய் தடவி, மெதுவா காலைப் பிடிச்சு விடுங்க சார். நோய் போவாது. ஆனா வலி கொஞ்சம் அடங்கும், தூக்கம் வரும்."

நான் தயங்கினேன். நினைவு தெரிந்து அப்பாவை நான் தொட்டதே இல்லை. எங்கள் பேச்சே "சாப்டியா?" என்பதோடு முடிந்துவிடும்.

அன்று மாலை கை வைத்ததுமே காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "விடுடா. நீ போயி என் காலைப் பிடிக்கறதா?"

"சும்மா இருப்பா."

தேய்க்கத் தேய்க்க, இறுகிக் கிடந்த கால் மெல்லத் தளர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அப்பா தூங்கியிருந்தார்.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது கூப்பிட்டார். "இன்னிக்கு சீக்கிரம் வந்துடுவியாடா?"

அதுவரை அவர் என்னிடம் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன்.

சில வாரங்களில் அப்பா போய்விட்டார். தினமும் நான் காலைப் பிடித்துவிட, அந்த நாட்களிலாவது அவர் நிம்மதியாகத் தூங்கினார் என்பது எனக்கு ஆறுதல்தான். ஆனால் அப்பாவும் பிள்ளையுமாக நாங்கள் வாழ்ந்தது அந்தச் சில வாரங்கள் மட்டும்தானே என்று நினைக்கும்போது, மனசு இன்னும் ஆறவில்லை.