நெஸ்போலா போட்ட பியர்

வீட்டில் பியர் காய்ச்ச எனக்குப் பழக்கியவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் நான் வேலை செய்யும் மீன் உணவகத்தின் தலைமைச் சமையற்காரர். மூன்று தடவை நன்றாக வந்தது. நாலாவது தடவை பழம் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். பலேர்மோ நகரெங்கும் நெஸ்போலாப் பழம் மலிந்து கிடந்த நேரம். மஞ்சள் நிறம், வழுவழுத்த பெரிய கொட்டை, இனிப்போடு சேர்ந்த புளிப்பு. நாலு கிலோ வாங்கிக் கொட்டை எடுத்து, அவித்து மசித்து, நுரைத்து அடங்கியிருந்த பியருக்குள் கொட்டினேன்.

"பழத்திலுள்ள சீனியைக் கண்டதும் ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கும், வாயு கிளம்பும். இரண்டு கிழமையாவது பொறு" என்று அவர் சொல்லியிருந்தார். நான் ஐந்தாம் நாளே போத்தலில் அடைத்தேன். மச்சானின் பிள்ளைக்குப் பிறந்தநாள் வரவிருந்தது. அங்கே கொண்டுபோய்ப் பெருமை காட்டவேண்டும். வழமைபோல நுரை வருவதற்காக ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் கொஞ்சம் சீனியும் போட்டு மூடினேன். இருபத்தாறு போத்தல்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. ஒடுக்கமான நடையின் முடிவில் குளியலறை. அதன் கதவுக்கு நேரெதிரே இருந்த தட்டில் போத்தல்களை அடுக்கி வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை சிரோக்கோ அடித்தது. அந்தச் சுடுகாற்றில் வீடு அடுப்புப்போலக் கொதித்தது. மனைவி பகேரியாவில், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் இத்தாலிய அம்மா ஒருவரின் வீட்டைத் துப்புரவாக்கப் போயிருந்தாள். ஏழு வயது மகள் குளியலறைக்குள் இருந்தாள். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

வெடிச் சத்தம் கேட்டது. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் மேசைக்குக் கீழே குப்புறக் கிடக்கிறேன் என்பதுதான். கத்தி கையிலேயே இருந்தது. வன்னியில் போரின் கடைசி மாதங்களில் பழகிய உடம்பு, என்னைக் கேட்காமலே விழுந்துவிட்டது. பிறகுதான் புளித்த வாசம் மூக்கில் ஏறியது.

நடையின் குசினிப்பக்க முனைக்கு ஓடினேன். சுவரெல்லாம் நுரை. கைவிரல் நீளக் கண்ணாடித் துண்டொன்று குளியலறைக் கதவில் குத்தி நின்றது.

"அப்பா, என்ன சத்தம்?"

"ஒண்டுமில்லை அம்மா. கதவைத் திறக்காதை. குளிக்கிற தொட்டிக்குள்ளை இறங்கிப் படு."

"நான் வெளியிலை வாறன்."

"வராதை. சொல்றதைக் கேள்."

அப்போது இரண்டாவது போத்தல் வெடித்தது. அவள் "ஹோ பவூரா, ஹோ பவூரா" என்று அழத் தொடங்கினாள். பயம் வந்தால் அவளுக்கு இத்தாலியன்தான் வாயில் வரும். மிச்சம் இருபத்து நாலு போத்தல், அவளுக்கும் எனக்கும் நடுவில்.

கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா படியேறி வந்து கதவைத் தட்டினார். திறந்தேன். நடையை எட்டிப் பார்த்தார். பிள்ளையின் அழுகையும் அவருக்குக் கேட்டது. "தீயணைப்புக்காரரைக் கூப்பிடுகிறேன்" என்று தொலைபேசியை எடுத்தார்.

"வேண்டாம்" என்றேன்.

பெர்மேஸோவைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. அந்த வதிவிட அனுமதி இல்லாவிட்டால் வேலையும் இல்லை. வீட்டில் பியர் காய்ச்சுவது குற்றமா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. சீருடையோடு ஆட்கள் வந்து என் பெயரை எழுதுவார்கள் என்ற எண்ணம் ஒன்றுதான் தலைக்குள் இருந்தது.

சிஞ்ஞோரா தொலைபேசியை வைத்துவிட்டு இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் தன் மகனின் மோட்டார்சைக்கிள் தலைக்கவசம் இருந்தது. அதைப் போட்டு, குளிர்காலக் கோட்டையும் மாட்டிக்கொண்டு, கட்டில் மெத்தையைக் கேடயம்போல முன்னால் பிடித்தபடி நடைக்குள் போனேன். சப்பாத்தின் கீழே கண்ணாடி நொறுங்கியது. மெத்தையைத் தட்டோடு சேர்த்து முதுகால் அழுத்திக்கொண்டு, "இப்ப ஓடு" என்றேன். கதவு திறந்தது. அவள் என்னைக் கடந்து ஓடும்போது முதுகுக்குப் பின்னால் இன்னொன்று வெடித்து, மெத்தையோடு என்னையும் ஒரு உதை உதைத்தது.

அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அன்று பின்னேரம் காற்று மாறி வீடு குளிர்ந்த பிறகு, ஈரப்போர்வைக்குள் கையை விட்டு மிச்சப் போத்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். கடைசி மூடி கழலும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மனைவி வந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஏன் ஆக்களைக் கூப்பிடேல்லை?"

"பெர்மேஸோ இன்னும் வரேல்லை..."

"பிள்ளை உள்ளுக்கை நிக்கேக்கை உங்களுக்குப் பெர்மேஸோவே நினைவு வந்தது?"

"ஓம்" என்றேன்.

சொந்தமாகக் குடிக்கக் காய்ச்சினால் குற்றமில்லை என்று சமையற்காரர் பிறகு சொன்னார். அது என் பயத்தைக் குறைக்கவில்லை. அந்தப் பயம் போத்தல்களைப் பற்றியதும் அல்ல. மகள் அழுதுகொண்டிருந்தபோது "வேண்டாம்" என்று சொன்ன என் குரல் எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதைப் பற்றியது.