பீங்கான் பல்லும் பனங்கட்டியும்

பல் கட்டிக்கொண்ட சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் என் முன்பல் ஒன்று போய்விட்டது. பட்டணத்துப் பல் வைத்தியர் தங்கத் தகட்டின் மேல் ஒரு பீங்கான் பல்லைப் பதித்து, பக்கத்துப் பல்லோடு பொருத்திவிட்டார். "இது சிரிக்கிற பல்லு பிள்ளை, கடிக்கிற பல்லில்லை. தகடு கொஞ்சம் வளையும். பீங்கான் வளையாது, வெடிச்சுப் போகும்" என்று எச்சரித்தும் அனுப்பினார்.

பிறகு சாவகச்சேரியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "பல்லுக் கதையை எடுக்காதை" என்று அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். யுத்த காலமாதலால் சீனி இல்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் எல்லோரும் தேநீர் குடித்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் அன்போடு ஒரு துண்டை நீட்டி, "நீரும் எடும் பிள்ளை, எங்களோடை சேர்ந்து குடியும்" என்றார். அம்மாவைப் பார்த்தேன். கடி என்று கண்ணால் சொன்னார். எல்லோரும் பார்த்திருக்கக் கடைவாய்க்குத் தள்ள வெட்கப்பட்டு, முன்பல்லாலேயே கடித்தேன். பீங்கான் வெடித்து மடியில் விழுந்தது.

மாப்பிள்ளையின் தாயார் எழுந்துவிட்டார். "இன்னும் என்னென்னத்தை ஒளிச்சு வைச்சிருக்கிறியளோ?" என்று அவர் கேட்டபோது, அவருடைய கடைவாயில் இரண்டு தங்கப் பற்கள் மின்னின. அவற்றை ஒளிக்கும்படி அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நான் மறுபடி பல் கட்டவில்லை. இப்போது பெண் பார்க்க யார் வந்தாலும், படியேறும்போதே வாய் நிறையச் சிரித்துவிடுகிறேன். அதற்குப் பிறகும் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தேநீர் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இதுவரை அடுப்பு மூட்டவேண்டி வரவில்லை.