பிரம்மநாயகியின் பெருக்கல் குறி

விசைத்தறிக்காரர்களுக்கு நூல் கொடுக்கும் சொசைட்டியின் குடோன் பொறுப்புக்கு பிரம்மநாயகி வந்தது எழுபத்தெட்டாம் வருஷம். வந்த வாரமே ஒரு வழக்கத்தை ஆரம்பித்துவிட்டாள். திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்ததும் ஒரு நூல் சிப்பத்தைக்கூட நகர்த்த விடமாட்டாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எண்ணெய்க் குப்பியும் சாக்பீஸுமாகக் கிளம்புவாள். ஏணியின் ஒவ்வொரு படியையும் மிதித்துப் பார்ப்பாள். தள்ளுவண்டிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பாள். சரியில்லாத சாமான்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி விழும். அப்புறம் அதைப் பழுது பார்க்கிறவரை யாரும் தொடக்கூடாது.

“அக்கா சாமானுக்கெல்லாம் நாடி பிடிச்சுப் பாக்குதாவ” என்று லோடுமேன் இசக்கிப்பாண்டி டீக்கடையில் சொல்லிச் சிரித்தான். ஒருநாள் குறி போட்ட வண்டியையே வீம்புக்குத் தள்ளிக்கொண்டு போனான். தெருமுனையில் சக்கரம் கழன்று தனியாக உருண்டோடி, எதிர்க்கடை வாழைத்தாரில் போய் முட்டி நின்றது. அன்றோடு அவன் சிரிப்பு நின்றது.

சொசைட்டித் தலைவர் சங்கரநயினாரை மட்டும் அவளால் மாற்ற முடியவில்லை. மச்சுக்குச் சிப்பம் ஏற்றும் கப்பி அவருடைய அப்பா காலத்தது. பள்ளம் தேய்ந்துபோய்க் கயிறு ஓரத்துக்கு ஓடுகிறது, சங்கிலிக் கப்பி வாங்க வேண்டும் என்று ஏழு முறை எழுதிக் கொடுத்தாள். அந்தக் காகிதங்களில் அவர் வெற்றிலை மடித்துக்கொண்டார். கடைசியில் கப்பிக்கயிற்றில் தொங்கும் பலகையிலேயே குறியைப் போட்டுவிட்டாள்.

அந்த வாரம் திருநெல்வேலியிலிருந்து இருப்புப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். மச்சில் இருப்பதையும் காட்டியாக வேண்டும். தலைவருக்கோ முழங்கால் வலி. படி ஏற மாட்டார். சிப்பத்தோடு சிப்பமாகப் பலகையில் உட்கார்ந்து போவதுதான் அவர் பழக்கம். வேண்டாம் என்று பிரம்மநாயகி குறுக்கே நின்றாள். அவர் துண்டால் குறியைத் துடைத்துவிட்டு, அதே துண்டை விரித்து உட்கார்ந்தார். இழுக்கச் சொல்லி லோடுமேன்களை அதட்டினார்.

பத்தடி உயரத்தில் கயிறு பள்ளத்தை விட்டு நழுவி, கப்பிக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. தலைவர் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்றில் அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டார்; மறு சுற்றில் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

பிரம்மநாயகி ஏணியைக் கொண்டுவந்து சாத்தச் சொன்னாள். தலைவர் மேலேயிருந்து ஏணியை அடிமுதல் நுனிவரை உற்றுப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், “ஏம்மா, அந்த ஏணி நல்லா இருக்கா?” என்று கேட்டார். பன்னிரண்டு வருஷத் தலைவர் பதவியில் ஒரு சாமானைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

“போன மாசந்தான் ரெண்டு படி மாத்துனோம் அண்ணாச்சி. எதுக்கு மாத்துதீயன்னு நீங்கதான் சத்தம் போட்டீய.”

“நாலாவது படி?”

“அதையும் மிதிச்சுப் பாத்தாச்சு. பயப்படாம காலை வைங்க.”

இசக்கிப்பாண்டி ஏறி இடுப்பைப் பிடித்துக்கொள்ள, தலைவர் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினார். பத்தாம் நாள் மதுரையிலிருந்து சங்கிலிக் கப்பி வந்து சேர்ந்தது. அதிலும் ஆள் ஏறக்கூடாது என்று பிரம்மநாயகி கண்டிப்பாகச் சொன்னதால், அவர் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கிப் படியிலேயே ஏறினார்.

அடுத்த மகாசபைக் கூட்டத்தில் புதுக் கப்பியைப் பற்றி அவரே பேசினார். பழைய கப்பியின் நிலைமையைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று தாமே நேரில் மேலே போனதாகச் சொன்னார். உறுப்பினர்கள் கை தட்டினார்கள். இசக்கிப்பாண்டி வாயைத் திறக்கப் போனான். பிரம்மநாயகி கண்ணால் அடக்கினாள். கைத்தட்டல் ஓய்வதற்குள் எழுந்து, தள்ளுவண்டி நான்குக்கும் ரப்பர் சக்கரம் வேண்டும் என்று எழுதிய காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, தலைவர் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டார்.