வெற்றிடப் பெட்டிக்கு ஒரு பொட்டு

வல்லத்து அன்புக்கரசிக்கு என்ன வேலை என்று கேட்டால், "சிலிக்கான்ல ஊசி சீவுது" என்பார் அவளுடைய நைனா. பாதி சரிதான். நகத்தளவு சிலிக்கான் சில்லை அமிலத்தில் அரித்து, கண்ணுக்குத் தெரியாத கூர்முனைகளாக நிறுத்துவாள். காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் அதை வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், சூடே பண்ணாமல் முனைகளிலிருந்து எலக்ட்ரான்கள் பாயும். எதிர்த்திரையில் பச்சைப் புள்ளிகள் மின்னும். குளிர் கேத்தோடு என்று பெயர். இதுவரை ஒரு புள்ளிகூட மின்னியதில்லை.

செஞ்சிக் கல்லூரி ஆய்வகத்தில் தூசி என்றாலே அவளுக்கு ஆகாது. செருப்பு வெளியே, தலைப்பூ வெளியே. இரண்டு பிள்ளைக்குத் தகப்பனான ஆய்வக உதவியாளர் வளவன்கூட, பஜ்ஜி தின்றுவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவித்தான் உள்ளே வர வேண்டும்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த காலையில், காற்றை உறிஞ்சும் பம்பை இரவல் தந்த சென்னைப் பேராசிரியர் இராமச்சந்திரன் வந்து நின்றார்.

"இன்னைக்கு மின்னுச்சுன்னா பம்பு இங்கயே இருக்கட்டும். இல்லன்னா வண்டியில ஏத்திடுவேன்."

பம்பு போனால் அவளுடைய முனைவர் பட்டமும் அதே வண்டியில் ஏறிவிடும்.

பெட்டிக் கதவைத் திறந்து சில்லை வைத்து மூடி, பம்பைப் போட்டாள். அழுத்தம் கொஞ்சம் இறங்கி, அதற்குமேல் இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. எங்கோ காற்று கசிகிறது.

"பஜ்ஜி தின்னீங்களா?" என்று வளவனை முறைத்தாள்.

"இன்னும் டீயே குடிக்கலம்மா!"

திறந்து பார்த்தாள். கதவை இறுக்கும் ரப்பர் வளையத்தில் ஒரு மஞ்சள் துணுக்கு. அதற்கு மேலே, கதவின் விளிம்பில், காய்ந்து உதிரும் சந்தனப் பொட்டு. பூஜையன்று மற்ற இயந்திரங்களுக்கெல்லாம் வளவன்தான் பொட்டு வைத்தார். இதற்கு மட்டும், "என் பெட்டிக்கு நான் வெக்கிறேன்" என்று கிண்ணத்தைப் பிடுங்கி, நெற்றி எது என்று தேடித் தேடி வைத்தவள் அவளேதான்.

"பஜ்ஜிக்குத்தான் தடை, சாமிக்கு இல்லபோல" என்றார் வளவன்.

"சும்மா இருங்கண்ணா!"

விளிம்பை ஆல்கஹாலில் துடைத்து, புது வளையம் மாட்டினாள். பம்பு உறுமியது. பேராசிரியர் அவள் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். அழுத்தம் இறங்கியது, இன்னும் இறங்கியது. வளவன் விளக்கை அணைத்தார். அவள் மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினாள்.

திரையின் ஒரு மூலையில் ஏழெட்டுப் பச்சைப் புள்ளிகள் நடுங்கி, நிலைத்தன.

"மீதி எங்கம்மா?" என்றார் பேராசிரியர்.

"முனைங்க எல்லாம் ஒரே உயரத்துல இல்ல சார். அடுத்த சில்லுல வந்துடும்."

"அப்ப அதுவரைக்கும் பம்பு இருக்கட்டும்."

வண்டி காலியாகவே கிளம்பிப் போனது. வந்ததிலிருந்து அவருக்கு ஒரு நாற்காலிகூடப் போடவில்லை என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.