மேல் அடுக்கில் நின்றது

ராஜகுமாரியை ஊர் வாய்க்கு வந்தபடி பேசுகிறது. பேசுகிறவர்கள் ஒரே ஒரு வாரம் திருமலைச்சாமிக்குப் பெண்டாட்டியாக இருந்து பார்க்கட்டும். ஒன்பது வருடமாக அந்த மனுசன் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது, சும்மா நிறுத்திக்கொண்டார். தட்டைத் தட்டினால் சோறு, செம்பைத் தட்டினால் தண்ணீர். அவள் வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவார். நான் பக்கத்துத் தோட்டக்காரி, எல்லாம் பார்த்தவள்.

பெருமாள்மலையிலிருந்து ஜீப்பில் காய்கறி ஏற்ற வரும் செந்தில்வேல் ஒருநாள் அவளிடம், "சாப்பிட்டியா?" என்று கேட்டான். அது போதுமாக இருந்தது அவளுக்கு.

எங்கள் மலையில் பனிமூட்டம் இறங்கினால் எதிரே நிற்பது ஆளா, காட்டுமாடா என்று தெரியாது. அதனால் குரல் கொடுப்போம். ஆள் என்றால் பதில் வரும். வராவிட்டால் காட்டுமாடுதான். சீண்டாமல் இருந்தால் தானாகப் போய்விடும்.

கார்த்திகை மாதம் திங்கள்தோறும் மத்தியானம், களை எடுக்கிற சாக்கில் பூண்டுக் காட்டில் அவனைச் சந்தித்தாள். படிப்படியாக வெட்டின அந்தக் காட்டின் மேல் அடுக்கில் கறுப்பாக ஒன்று வந்து நிற்கும். "ஆரது?" என்பாள். பதில் இருக்காது.

"மாடுதாங்க. அது பாட்டுக்கு நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் பேச ஆரம்பிப்பாள். பிள்ளையில்லாத ஏக்கம், அடுப்படியில் தனியாகப் பேசிக்கொள்வது, எல்லாவற்றையும் கொட்டுவாள். நாலு திங்களும் அது வந்தது. மேயவில்லை, வாலை ஆட்டவில்லை, மூச்சுச் சத்தம்கூட இல்லை. இதெல்லாம் பிற்பாடு அவளே என்னிடம் சொன்னது.

நாலாவது திங்கள், "வெள்ளிக்கெழம மொத பஸ்ஸுல வந்துர்றேன், பெருமாள்மலையில நில்லுங்க," என்று சொல்லி முடித்தாள். அப்போது காற்றடித்துப் பனி விலகியது. மேலே, கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு திருமலைச்சாமி நின்றார்.

செந்தில்வேலை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. "மொத பஸ்ஸுல கூட்டமா இருக்கும். வெள்ளனே போ," என்று அவளிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, போனது. கட்டின பையோடு அவள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பெருமாள்மலையில் அவன் மத்தியானம் வரை நின்றானாம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏன்டி போகல? கிறுக்கா ஒனக்கு?"

"ஒம்போது வருசத்துல நான் பேசி அவரு நின்னு கேட்டது அந்த நாலு நாளுதான்க்கா," என்றாள்.